டின்னர் கூப்பன் மீட்டிங்கில் கையெழுத்து: ரத்து செய்யலாமா?

கேள்வி: கடலூர். டின்னர் கூப்பன் தர்றோம்னு கூப்பிட்டு புதுச்சேரி ஹோட்டலில் நேற்று நடத்தின மீட்டிங்கில் 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப்புக்குக் கையெழுத்து போட்டுட்டேன், 3.2 லட்சம். கார்டில் 40,000 போயாச்சு, மீதி இஎம்ஐ. திரும்ப வாங்க வழி உண்டா?

பதில் 1: உண்டு, ஆனா இன்னிக்கே செய்யுங்க. இந்த மாதிரி ஹாலிடே மெம்பர்ஷிப்புக்கு (டைம்ஷேர்) நம்ம நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள ரத்துக் கெடுதான் கணக்கு. பெரும்பாலும் 10 நாள், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். மெயில் அனுப்பிட்டு, அதே கடிதத்தை ஒப்புகையோட ஸ்பீட் போஸ்டிலும் போடுங்க. சேல்ஸ் ஆளுக்குப் போன் போட்டா “மேனேஜர் பேசுவார்”னு இழுத்து அந்த 10 நாளையும் கரைச்சிடுவாங்க.

பதில் 2: இஎம்ஐ எந்த வங்கிப் பேரில் இருக்குன்னு பாருங்க. கடன்னா அது தனி ஒப்பந்தம். மெம்பர்ஷிப் ரத்தானாலும் தவணை தானா நிக்காது. வங்கிக்கும் எழுதுங்க.

@பதில் 1: கெடு தாண்டினவங்களுக்கு?

பதில் 1: முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற கடலூரிலேயே புகார் போடலாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போடணும். வாய்ச்சொல் நிக்காது. “எப்ப வேணா ரூம்”னு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தா அதை அழிச்சிடாதீங்க.

பதில் 3: வருடப் பராமரிப்புக் கட்டணத்தையும் பாருங்க. போகாத வருஷத்துக்கும் கட்டணும், ஏறிக்கிட்டேதான் போகும்.