அம்மாவோட காட்டன் புடவைல போர்வை தைக்கணும், வெட்ட கை வரல... ஐடியா குடுங்க ப்ளீஸ்

கோவைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வர்ற தை வந்தா அம்மா போயி ரெண்டு வருஷம். பீரோல அவங்க கட்டின காட்டன் புடவை 11 இருக்கு, சுங்குடி 3, காஞ்சி காட்டன் 4, செட்டிநாடு கட்டம் போட்டது 2, மீதி ரெண்டு தீபாவளி தள்ளுபடில எடுத்தது, அது ரெண்டும் நடுவுல நஞ்சு போச்சு. யாரும் கட்டப்போறதில்ல, எனக்கு பிளவுஸும் பத்தாது. அக்கா, தம்பி பொண்டாட்டி, சித்தி, அம்மாகூட தினமும் வாக்கிங் போன எதிர்வீட்டு ஆன்ட்டி, இந்த நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு போர்வை தைச்சு பொங்கலுக்குள்ள குடுக்கலாம்னு ஆசை. அக்கா பொண்ணுக்கு மாசி மாசம் டெலிவரி, பாப்பாவுக்கும் சின்னதா ஒண்ணு.

முதல்ல பழகலாம்னு என்னோட பழைய புடவை ஒண்ண எடுத்து யூட்யூப் பாத்து 6 இஞ்ச் சதுரமா வெட்டி மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒட்டினேன். நடுவுல பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டு, அடில புதுசா வாங்கின சிவப்பு பாப்ளின். மிஷின்ல விட்டா அப்பளம் பொரிஞ்ச மாதிரி அங்கங்க சுருங்கிடுச்சு. அதை தொவைச்சேன் பாருங்க, சிவப்பு முழுக்க வெள்ளைல இறங்கி ரோஸ் கலர்ல திட்டு திட்டா நிக்குது. போத்தினா வேர்த்துக் கொட்டுது வேற. இப்ப அம்மா புடவைல கத்திரி வைக்கவே பயமா இருக்கு, நேத்து கூட சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு அப்படியே மடிச்சு வெச்சிட்டேன். மிஷினா கையா, உள்ள என்ன வைக்கிறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசிறுநூல்:
ஏங்க வெட்டறீங்க? துண்டு துண்டா ஒட்டுறது முழுத்துணி இல்லாதவங்க கண்டுபிடிச்ச வழி, உங்ககிட்ட முழுசா அஞ்சரை மீட்டர் இருக்கு. எங்க ஆத்தா வீட்ல எல்லாம் பழம்புடவைய அப்படியே மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாங்க அவ்வளவுதான்.

கணக்கு பாருங்க, புடவை நீளம் சுமாரா 216 இஞ்ச், அகலம் 46. ரெண்டா மடிச்சா 9 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலம், அதுலயே ரெண்டு அடுக்கு வந்துடுது. உள்ள இன்னொரு புடவைய அதே மாதிரி மடிச்சு வெச்சா நாலு அடுக்கு, நம்ம ஊர் குளிருக்கு இதுவே ஜாஸ்தி, பஞ்செல்லாம் வேண்டாம். 9 அடி நீளமா தெரிஞ்சா முந்தானை பக்கம் ஒண்ணரை அடி உள்ள மடக்கிடுங்க, கால்மாட்டுல கனமா இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆக ஆளுக்கு 2 புடவை, நாலு பேருக்கு 8, பாப்பாவுக்கு 1. நஞ்ச ரெண்டும் ஓட்டை அடைக்க ஆகும்.

சுருக்கம் வந்ததுக்கு காரணம் உங்க கை இல்ல. மிஷின்ல அடித்துணிய கீழ இருக்கற பல்லு இழுத்துட்டு போகும், மேல்துணிய ஃபுட்டு (ஊசிகிட்ட துணிய அமுக்கற பாதம்) அமுக்கி பின்னாடி நிறுத்தும், ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு வேற வழுக்கும். வாக்கிங் ஃபுட்டுனு ஒண்ணு கிடைக்கும், அது மேல்துணியையும் சேத்து நகத்தும். அது இல்லாட்டி ஃபுட் அழுத்தத்த குறைச்சு தையல் நீளத்த 3க்கு மேல வெச்சுப் பாருங்க. ஆனா பழைய புடவைக்கு நான் மிஷின் சொல்லமாட்டேன், நஞ்ச துணில நெருக்கித் தைச்சா தையலோரமாவே கிழியும்.

கையில தைக்கிறதுன்னா தரைய நல்லா தொடைச்சு அடித்துணிய இழுத்து விரிச்சு நாலு மூலைலயும் டேப் ஒட்டுங்க, அதுமேல ஒவ்வொண்ணா போட்டு உள்ளங்கையால நடுவுல இருந்து வெளிய நீவி விடுங்க, அப்புறம் ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு. தையலும் நடுவுல ஆரம்பிச்சு வெளிய வரணும், ரெண்டு விரக்கடைக்கு ஒரு வரி போதும். எம்ப்ராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும், அதுல மூணு இழை பிரிச்சு எடுத்தா சரியா இருக்கும்.

சாயம் பத்தி: அம்மா புடவை நூறு தடவை தண்ணி பாத்தது, அது பண்ணாது. புதுத்துணிதான் வில்லன், அதை தனியா அலசி, ஈரத்துல வெள்ளைத்துணி வெச்சு அழுத்திப் பாத்துட்டு சேருங்க. உப்புத்தண்ணி வைத்தியத்த நம்பாதீங்க, எல்லா சாயமும் அதுக்கு கட்டுப்படாது. இறங்கினது தெரிஞ்சா காயவிடாம உடனே சுடுதண்ணி சோப்புல ஊறப்போடணும், காஞ்சா போராட்டம்தான்.

ஹூப்ளிவாசி:
பிசிறுநூல் சொன்னதுல ஒண்ணு மட்டும் மாத்தி சொல்றேன். நான் 14 வருஷமா ஹூப்ளில இருக்கேன், இங்க போர்வைக்கு கவுதினு பேரு. பக்கத்துல உத்தர கன்னடா மாவட்டத்துல ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் சித்தி சமூகத்துக்காரங்க இருக்காங்க, ஆப்பிரிக்க வம்சாவளி, அந்தப் பெண்கள் தைக்கிறது கவண்டி. அவங்க மூலைல ஆரம்பிச்சு ஓரமா சுத்தி சுத்தி நடுவுக்கு வருவாங்க. ஃப்ரேம் கிடையாது. துண்டுத்துணி ஓரத்த விரலாலயே மடக்கி வெச்சு அடித்துணியோட சேத்து ஒரே ஓட்டமா தைச்சுட்டே போவாங்க, அதனால அளவு கோணலா இருந்தாலும் துணியோட துணி ஒத்துப் போயிடும். நாலு மூலைலயும் குட்டியா முக்கோணமா மடிச்ச துணி வெப்பாங்க, ஃபூலான்னு சொல்றது, பூ. அது இல்லாம அனுப்பினா போர்வை அம்மணமா இருக்குன்னு நினைப்பாங்களாம்.

நடுவுல இருந்து போறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா உங்க நஞ்ச ரெண்டு புடவைய இந்த மாதிரி பண்ணலாமே, அதை வெட்ட மனசு கஷ்டமும் இருக்காது. நான் தைக்க மாட்டேன், வீட்ல தைக்கிறத பாக்கறதோட சரி, ஊசில நூல் கோர்க்கறது மட்டும் என் டிபார்ட்மெண்ட்.

ஊர்க்குருவி:
நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன் கோச்சுக்காதீங்க. ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு நாலு மாசம் தைச்சு ஒண்ணு குடுத்தேன். மூணு வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போனா அது மேல அவங்க நாய் படுத்திருக்கு. வீட்டுக்கு வந்து அழுதேன். பின்னாடி யோசிச்சா என் மேலயும் தப்பு, அவ ஏசி 18ல வெச்சு தூங்கறவ, நான் குடுத்தது பேப்பர் மாதிரி மெலிசு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொருத்தி அதைவிட மோசம், அழுக்காயிடும்னு கவரோட பரண்ல வெச்சிருக்கா!! நாய்க்குப் போட்டவளே பரவால்லனு ஆயிடுச்சு. அதனால முதல்லயே கேட்டுடுங்க, போத்தவா விரிக்கவா, எவ்வளவு கனம் வேணும்னு. குடுக்கும்போதே சாதாரணமா வாஷிங் மிஷின்ல போடலாம்னு சொல்லிடுங்க, இல்லன்னா பயந்துக்கிட்டு எடுக்கவே மாட்டாங்க. பொங்கலுக்குள்ள நாலு எல்லாம் நடக்காது, எனக்கு ஒண்ணுக்கே மாசக்கணக்குல ஆச்சு.

வார்டு_சிஸ்டர்:
பாப்பா போர்வைக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழைய காட்டன் தோலுக்கு நல்லதுதான், பிறந்த குழந்தைக்கு பழந்துணி சுத்தறது நம்ம பழக்கமே. ஆனா ஒரு வயசு வரை தூங்கற இடத்துல தனியா போர்வை, தலகாணி எதுவும் போடக்கூடாதுன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது, முகத்துல மூடிக்கும். அதனால மூணு அடிக்கு மூணு அடி விரிப்பா தைங்க, முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடலாம். பட்டன், மணி, தொங்கற நூல் வேண்டவே வேண்டாம். ஊக்கை எண்ணி வெச்சு குத்துங்க, எடுக்கும்போது அதே கணக்கு வரணும்.

கோவைக்காரி:
அய்யோ எவ்வளவு பேர், ரொம்ப தேங்க்ஸ்ங்க. வெட்டாம தைக்கலாம்னு இவ்வளவு நாள் எனக்கு தோணவே இல்ல பாருங்க. ஊர்க்குருவி சொன்னாங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். சித்திக்கு முழங்கால் வலி, போத்த வேண்டாம், ஊஞ்சல்ல நாலா மடிச்சுப் போட ஒண்ணு போதுமாம். ஆன்ட்டி எது குடுத்தாலும் சரின்னுட்டாங்க. அக்காவும் தம்பி பொண்டாட்டியும்தான் பிரச்சனை, ரெண்டு பேருக்கும் அந்த பச்சை சுங்குடியேதான் வேணுமாம், அம்மா ஆஸ்பத்திரிக்கு கட்டிட்டுப் போனது அது. நேத்துல இருந்து ரெண்டு பேரும் என்கிட்ட பேசறாங்க, அவங்களுக்குள்ள பேசிக்கல.

முதல்ல ஆன்ட்டியோடது ஆரம்பிச்சாச்சு. ரோஸ் புடவைல சாம்பார் கறை இருக்கு, எலுமிச்சம்பழம் போட்டும் போகல, அது மேலயே தையல் ஓடுது. நாலு அடுக்குல ஊசி தள்ள முடியாம விரல் நுனி புண்ணாயிடுச்சு, எந்த ஊசி வாங்கறது?

பிசிறுநூல்:
நீள ஊசிய தூக்கிப் போட்டுட்டு குட்டையா கண்ணு பெருசா இருக்கிறது கேளுங்க. நடுவிரலுக்கு உலோக தொப்பி, தையல் சாமான் கடைல திம்பிள்னு கேட்டா குடுப்பாங்க. மூணு நாள் இடைஞ்சலா இருக்கும் அப்புறம் பழகிடும்.

சுங்குடிய பாதியா வெட்டி ரெண்டு பேருக்கும் மேல்பக்கமா போடுங்க, ஒவ்வொரு பாதியும் 9 அடி இருக்கும். உள்ள வேற புடவைய மடிச்சு வெச்சு, அடிக்கு இன்னொண்ணோட பாதி. அந்த ரெண்டு வெட்டு மட்டும் வெட்டித்தான் ஆகணும். முந்தானை பாதி யாருக்குன்னு சீட்டு குலுக்கிப் போட்டுடுங்க, நீங்க முடிவு பண்ணாதீங்க.