மறு: ஆக்டிவேட்டருக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

> செயலூக்கின்னு வெச்சுக்கலாமே, சுருக்கமா இருக்கு, பசங்க மனசுலயும் நிக்கும்

டீச்சர், வணக்கம். லைசன்ஸ் வாங்காமயே விண்டோஸ ஆக்டிவேட் பண்ணிக் குடுக்கற டூலத்தான ஆக்டிவேட்டர்னு சொல்றோம், அதுக்கு செயலூக்கி வேண்டாங்க. நம்ம பக்கம் உரக்கடைல வளர்ச்சி ஊக்கின்னு விக்கறாங்க, அதனால ஊக்கின்னாலே ஏதோ நல்லது செய்யற பொருளாட்டந்தான் காதுல விழும்.

நான் கொழிஞ்சாம்பாறைல சிஸ்டம் சர்வீஸ் பண்றேன். உங்க ஸ்கூல்ல கைட் (கேரள அரசோட பள்ளி கம்ப்யூட்டர் அமைப்பு) குடுத்த இலவச உபுண்டு ஓடறதால ஆக்டிவேஷன்னு, அதாவது லைசன்ஸ் இருக்கான்னு சரிபாக்கறதுன்னு, ஒண்ணு இருக்கறதே பசங்களுக்குத் தெரியாது, வீட்ல விண்டோஸ் போட்டப்புறம்தான் இந்த டூலத் தேடறாங்க.

பெரிய ஆபீஸ், காலேஜ்ல மெஷினுக்கு மெஷின் கீ போடாம உள்ளயே கேஎம்எஸ்னு லைசன்ஸ் சரிபாக்கற ஒரு சர்வர் வெச்சு ஆக்டிவேட் பண்ணுவாங்க, அது 180 நாளைக்கு செல்லும், மெஷின் 7 நாளைக்கு ஒருக்கா சர்வரக் கேட்டு புதுப்பிச்சுக்கும், சாதா விண்டோஸுக்கு குறைஞ்சது 25 மெஷினாவது கேட்டிருந்தாத்தான் அந்த சர்வர் சரின்னே சொல்லும். இந்த டூல்ல பலதும் அந்த சர்வராவே நடிக்குது. போலியா உண்டாக்குன சாவி இதுல இல்லைங்க, அதனால போன மெயில்ல அண்ணன் சொன்ன "கள்ளச்சாவி" போலி கீ உண்டாக்கற கீஜென்னுக்கு அருமையாப் பொருந்தும், இதுக்குப் பொருந்தாது.

எனக்கு பயம் வேற எடத்துல. விண்டோஸோட வைரஸ் காவலான டிஃபெண்டர ஆஃப் பண்ணச் சொல்லுது, அட்மின் பர்மிஷன் கேக்குது, ரெண்டையும் குடுத்தாச்சுன்னா உள்ள வந்தது என்ன செய்யுதுன்னு பாக்க அங்க ஆளே இல்ல. 2021ல கேஎம்எஸ்பிகோன்னு ஒரு ஆக்டிவேட்டர் பேர் போட்ட போலி இன்ஸ்டாலர்ல கிரிப்ட்பாட் வந்துச்சு, பிரவுசர்ல சேவ் பண்ணுன பாஸ்வேர்டு, கிரிப்டோ வாலெட் எல்லாம் திருடற மால்வேர் அது. ஸ்டாப்னு ஒரு ரான்சம்வேரும் லைசன்ஸ ஒடைக்கற கிராக் வழியா நெறைய பரவுச்சு, போட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் பூட்டிட்டு காசு கேக்கும். ஒரு டிடிபி கடை மெஷின்ல இது பூந்தா ஊர்க்காரங்க ஆதார் ஸ்கேனும் சேந்து போகுமே டீச்சர்! இத்தனைக்கும் ஆக்டிவேட் பண்ணாத விண்டோஸும் ஓடத்தான் செய்யும், மூலைல எழுத்து தெரியும், தீம் கலர் மாத்த விடாது, அவ்ளோதான்.

அதனால நான் சொல்றது "உரிம ஏய்ப்பி". வரி ஏய்ப்பு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, அதே வழில லைசன்ஸ ஏய்க்கறது உரிம ஏய்ப்பு, அந்த டூல் ஏய்ப்பி, கம்பைலர தொகுப்பின்னு சொல்றோமே அது மாதிரி. கேஎம்எஸ் வகைய மட்டும் தனியாச் சொல்லணும்னா "போலி உரிம வழங்கி", சர்வர வழங்கின்னுதான சொல்றோம்.

இலக்கணப்படி உரிமவேய்ப்பின்னு சேத்து எழுதணும்னு யாராச்சும் சொல்வீங்க, தெரியும். பிரிச்சே எழுதலாங்க, ஏழாங்கிளாஸ் பையன் முதல் தடவையே படிச்சிரணும். மத்தவங்களுக்கும் சம்மதம்னா நம்ம சொல் பட்டியல்ல ஏத்திடறேன், டீச்சர் நீங்க என்ன சொல்றீங்க?