சிகரெட் பாக்கெட்டுக்குள்ள பேஸ்பால் பிளேயர் படம் எதுக்கு?

நைட்ஷிப்ட்குமார்:
போன வாரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல பழைய பேஸ்பால் கார்டு பார்த்தேன், தீப்பெட்டிய விட கொஞ்சம் நீளம் அவ்ளோதான். வீட்டுக்கு வந்து நெட்ல பின்பக்கத்த பார்த்தா முழுக்க சிகரெட் விளம்பரம். பாக்கெட்டோட ஓசியா வந்தத கண்ணாடிக்குள்ள வைக்கிற அளவுக்கு அதுல என்னங்க இருக்கு?

பழசுபிரியன்:
ஆரம்பத்துல அது வெறும் முட்டு அட்டை பாஸ். 1880கள்ல பாக்கெட் மெல்லிசு பேப்பர், உள்ள இருக்கறது நசுங்காம இருக்க ஒரு அட்டை சொருகுனாங்க, சும்மா எதுக்கு போகணும்னு அதுல படம். ஆலன் அண்ட் ஜின்டர்ங்கிற சிகரெட் கம்பெனி 1887ல விட்ட 50 கார்டுல பேஸ்பால் 10 தான், மீதி குத்துச்சண்டை, மல்யுத்தம், படகு, துப்பாக்கின்னு கலவை. ஓல்ட் ஜட்ஜ்ங்கிற சிகரெட் பிராண்டோட கார்டுங்கள கண்டிப்பா பாருங்க, ஸ்டுடியோக்குள்ள பந்த நூல்ல கட்டி தொங்கவிட்டு, ஆளு அத பிடிக்கிற மாதிரி ஆக்‌ஷன், சிலதுல நூலே தெரியும் 😂
1890ல பெரிய கம்பெனிங்க அமெரிக்கன் டொபாக்கோன்னு ஒண்ணாயிட்டாங்க, போட்டி போச்சு, கார்டும் கொறஞ்சு போச்சு. அப்புறம் யார மயக்கணும்?

கார்டுகிறுக்கன்:
1909-11ல திரும்ப வந்த கார்டு செட்டு, டி206ன்னு பேரு, அத தான் எல்லாரும் பேசுறது. பின்பக்கம் 16 சிகரெட் பிராண்டுல ஏதாவது ஒண்ணோட விளம்பரம். பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல்னா சாதாரணம், அதே ஆளு படத்துக்கு பின்னாடி அரிதான பிராண்டு இருந்தா விலை எங்கயோ போயிடும். ஹோனஸ் வாக்னர்னு ஒரு பிளேயர் தன் படம் வேணாம்னு நிறுத்துனதால அவரு கார்டு கொஞ்சந்தான் மிச்சம், 2022ல ஒண்ணு 72.5 லட்சம் டாலர். பசங்க கார்டுக்காக சிகரெட் வாங்கக்கூடாதுன்னு நிறுத்துனாராம்.

பழசுபிரியன்:
அந்த கதை எனக்கு முழுசா இறங்கல, மனுஷன் புகையிலை மெல்றவரு. காசு தகராறுன்னும் சொல்றாங்க.

சிராக்யூஸ்வாசி:
குமார், உங்க கேள்விக்கு பதில் ஜெஃபர்சன் பர்டிக்ங்கிற கார்டு சேகரிப்பாளர். எங்க ஊர்க்காரர். டி206ங்கிற நம்பரே அவரு கேட்டலாக்ல வச்சதுதான். 30,000த்துக்கு மேல பேஸ்பால் கார்டு, அத்தனையும் மியூசியத்துக்கு குடுத்துட்டு, கீல்வாதத்துல மடங்கிப்போன கையோட அங்கயே உக்காந்து வருஷக்கணக்கா ஆல்பத்துல ஒட்டுனாரு. 1963 ஜனவரில முடிச்சாரு, மார்ச்ல செத்துட்டாரு. இன்னொன்னு, டி206 செட் முழுக்க தேடுங்க, ஒரு கருப்பின வீரர் இருக்கமாட்டாரு, அவங்கள அப்போ அந்த பேஸ்பால் லீகுக்குள்ளயே விடல.

நைட்ஷிப்ட்குமார்:
அய்யோ, பசை போட்டா ஒட்டுனாரு? அப்போ அந்த விளம்பரப் பக்கம்?

சிராக்யூஸ்வாசி:
பேப்பரோட பேப்பரா கெடக்கு. கார்டுகிறுக்கன் கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.