அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கருப்புப் பாசி, தேய்த்தாலும் போகவில்லை

லாஸ்பேட்டை_தொட்டி:
2×1×1 அடி மீன் தொட்டி, தண்ணீர் ஏறத்தாழ 50 லிட்டர். செடிகள் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பின்னால் வாலிஸ்னேரியா. எல்ஈடி காலை 10 முதல் இரவு 8 வரை எரிகிறது. செடிகளுக்கு சர்க்கரை-ஈஸ்ட் பாட்டிலிலிருந்து சிஓ2 (கரியமில வாயு). இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் கருப்பாகக் குஞ்சம் குஞ்சமாகப் பாசி. கடையில் சக்கர் மீன் விடச் சொல்கிறார்கள். உரத்தை நிறுத்தணுமா?

முத்தியால்பேட்டை_கப்பி:
மூணு நாள் லைட்டை அணைச்சு, தொட்டியைப் போர்வையால மூடிடுங்க. செத்துடும்.

மஞ்சக்குப்பம்_வாசி:
அது தண்ணீரே பச்சையாகும்போது செய்யும் வைத்தியம். இது பிபிஏ (பிளாக் பியர்ட் ஆல்கே, கருப்புத் தாடிப் பாசி), இருட்டுக்கு அசையாது.

உரத்தை நிறுத்தாதீங்க சார். செடி பட்டினி கிடந்தால் பழைய இலையில் பாசி இன்னும் ஏறும். முதல் சந்தேகம் ஈஸ்ட் பாட்டில் மேல்தான். முதலில் குமிழி கொட்டும், பிறகு படுத்துவிடும். நம்ம ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். சிஓ2 இப்படி ஏறி இறங்கினால் பிபிஏவுக்குக் கொண்டாட்டம். உங்க மூன்று செடிக்கும் சிஓ2 கட்டாயமில்லை, கழற்றிடுங்க. லைட் 6 மணி நேரம் போதும். டைமர் வாங்கினால் பேட்டரி உள்ளதாக வாங்குங்க. சாதா டைமர் கரண்ட் போகும்போதெல்லாம் பின்தங்கும்.

இருக்கிற பாசிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம், 12 மில்லி. ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசி மேலேயே மெதுவாக விடுங்க. 10 நிமிஷம் கழித்து ஃபில்டரைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றணும். மறுநாள் அடுத்த பக்கம். இரண்டு மூன்று நாளில் பாசி சிவந்தால் செத்தது என்று அர்த்தம். இலை முழுக்கப் படர்ந்திருந்தால் மருந்து எதற்கு, காம்போடு வெட்டிடுங்க.

சக்கர் மீன் இதைத் தொடாது. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து செடியைத்தான் பிடுங்கும்.

லாஸ்பேட்டை_தொட்டி:
மருந்துக்கடை பாட்டிலில் 6 சதவீதம்னு இருக்கே? லிக்விட் கார்பனும் சேர்த்து ஊற்றலாமா?

மஞ்சக்குப்பம்_வாசி:
6 என்றால் அதே அளவு ஆர்ஓ தண்ணீர் கலந்து, அதிலிருந்து 12 மில்லி எடுங்க. லிக்விட் கார்பன் வேண்டாம், பெரும்பாலும் அது குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி; வாலிஸ்னேரியா கரைந்துபோகும்.

கோரிமேடு_பாசி:
மீன்தான் வேணும்னா சயாமீஸ் ஆல்கே ஈட்டர். பக்கவாட்டுக் கருப்புக் கோடு வால் நுனிவரை போகுதான்னு பார்த்து வாங்குங்க. வாலுக்கு முன்னாடியே நின்னா வேற மீன். ஆனா அதுவும் அரை அடி வளரும், 2 அடித் தொட்டி பத்தாது. ஃபில்டர் பஞ்சையும் தொட்டித் தண்ணியில அலசுங்க, குழாய்த் தண்ணியில வேண்டாம். குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும்.