புதுப்பிப்பு: 'டாக்கர் ரன்' ஆப்ஷன் குறிப்பில் திருத்தங்கள்

டாக்கர் என்பது நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்த சூழலில் ஓட்டும் கருவி; இமேஜ் எனும் வார்ப்பிலிருந்து கண்டெய்னரை உருவாக்கி ஓட்டுவது 'டாக்கர் ரன்' கட்டளை. அதன் ஆப்ஷன்களுக்கு முன்பு போட்ட விளக்கக் குறிப்பில் சில இடங்கள் மாறியுள்ளன.

'--மெமரி-ஸ்வாப்' என்பதை ஸ்வாப்பின் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) அளவு என்று எழுதியிருந்தேன், தவறு. அது நினைவகமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம். '--மெமரி' (நினைவக வரம்பு) 512 எம்பி, '--மெமரி-ஸ்வாப்' 1 ஜிபி என்றால் ஸ்வாப்புக்குக் கிடைப்பது 512 எம்பிதான். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஸ்வாப்பே இல்லை. '--மெமரி' மட்டும் கொடுத்தால், ஹோஸ்டில் (டாக்கர் ஓடும் கணினியில்) ஸ்வாப் இருக்கும் பட்சத்தில், அதே அளவு ஸ்வாப்பும் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். நினைவக வரம்பை மீறியதால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரலைக் கொன்றால் வெளியேறும் குறியீடு 137.

ஹோஸ்டின் கோப்புறையைக் கண்டெய்னருக்குள் இணைக்கும் '-வி' வரிக்கும் எச்சரிக்கை சேர்த்தாயிற்று: ஹோஸ்டில் அந்தப் பாதை இல்லாவிட்டால் வெற்றுக் கோப்புறையை உருவாக்கிவிடும். பாதையில் உள்ள எழுத்துப்பிழை எளிதில் கண்ணில் படாது. அதே வேலைக்கான '--மவுண்ட்' ஆப்ஷனோ, பைண்ட் வகையில் (ஹோஸ்ட் பாதையை நேரடியாக இணைப்பது), பிழை காட்டி நின்றுவிடும், ஆகவே ஸ்கிரிப்டுகளில் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஹோஸ்டின் 8080 போர்ட்டைக் கண்டெய்னரின் 80-உடன் இணைக்கும் '-பி 8080:80' எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் திறக்கும். உள்ளூரில் மட்டும் போதுமென்றால் '127.0.0.1:8080:80'.

'--ஆர்எம்' (முடிந்ததும் கண்டெய்னரை நீக்குவது), '--ரீஸ்டார்ட் ஆல்வேஸ்' (நின்றால் மீண்டும் தொடங்குவது) இரண்டும் சேராது.

ஆப்ஷன்கள் இமேஜ் பெயருக்கு முன்பே வரவேண்டும் என்பதை முதல் வரிக்கே ஏற்றிவிட்டேன். பின்னால் வருவதெல்லாம் கண்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்குப் போய்விடும்.