ஒரே ஒருமுறை வரும் சொல்லுக்கு ஒரு சொல்

மதுரை, திங்கள் இரவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வேதாகமத்தின் யோபு நூலுக்கான வகுப்புக் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தமிழிலேயே இறையியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கானது. ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஒரு நூல்தொகுதியில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொல்லைக் கிரேக்கத்தில் ‘ஹபக்ஸ் லெகோமெனோன்’ என்பார்கள். ‘ஒருமுறை சொல்லப்பட்டது’ என்று பொருள். எபிரேய மறைநூலில் இத்தகையவை ஏறத்தாழ 1,500 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வேர்கூட வேறெங்கும் தட்டுப்படாதவை அவற்றில் 400 அளவு. யோபில் இவை மிகுதி. இதுவரை ஒவ்வோர் அடிக்குறிப்பிலும் ‘இந்நூலில் ஒரே தடவை வரும் சொல்’ என்று நீட்டி எழுதிவந்தேன். இனி முடியாது.

மாணவர்களுக்கு நான் காட்டுவது 1 சாமுவேல் 13:21. இஸ்ரயேலில் கொல்லர் இல்லாத காலம். கலப்பைக் கொழு தீட்டவும் பெலிஸ்தியரிடம்தான் போக வேண்டும். அங்கே ‘பீம்’ என்று ஒரு சொல். வேறு எங்கும் கிடையாது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்து ஊகித்தார்கள். நம் பழைய வேதாகமத்தில் ‘அரங்கள்’ என்று இருக்கும். பிறகு பாலஸ்தீன மண்ணை அகழ்ந்தபோது உள்ளங்கையில் அடங்கும் எடைக்கற்கள் கிடைத்தன. அவற்றின் மேல் அதே எழுத்துகள். எடை 7.5 கிராமுக்குச் சற்று மேல், அதாவது சேக்கல் என்ற அக்கால எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக அது அரம் அன்று, தீட்டுகிறவன் வாங்கிய கூலி! இந்த வியப்பைச் சுமக்கும் சொல்லாக ஒன்று தாருங்கள்.

பாளையங்கோட்டை, செவ்வாய் காலை

அம்மா, புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. தொல்காப்பியர் கொடுத்துவிட்டார். உரிச்சொற்களைப் பேசும் உரியியலின் முதல் நூற்பாவைப் பாருங்கள்: ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி’. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்துப் பொருள் உரைக்க வேண்டும் என்கிறார். ‘உறு, தவ, நனி’ மூன்றையும் ‘மிகுதி’யோடு சார்த்திக் காட்டுவது அந்த முறையில்தான். உங்கள் எபிரேய அறிஞர்களும் அறியாத சொல்லை அதன் இனமொழிகளான அரபியோடும் பழைய அக்காதியத்தோடும் சார்த்தித்தானே பொருள் காண்கிறார்கள்? எனவே ‘பயிலாச்சொல்’.

பயில் என்பதன் அடிப்பொருள் நெருக்கம், செறிவு. பிசினுக்குப் ‘பயின்’ என்று பெயர் இருப்பதும் ஒட்டிச் செறிவதால்தான் என்பது என் துணிபு. நோவாவின் பேழைக்குக் கொப்பேர் மரம் என்கிறதே ஆதியாகமம் 6:14, அந்தக் ‘கொப்பேர்’ உங்கள் 1,500இல் ஒன்று. அதே வசனத்தில் உள்ளும் புறம்பும் பூசச் சொல்லும் கீலுக்கு எபிரேயச் சொல் ‘கோபெர்’. இரண்டும் ஓரினம் என்று கருதுவோர் உண்டு. பயிலாச் சொல்லின் பொருளைப் பயின் காட்டுகிறது, பாருங்கள்.

சென்னை, செவ்வாய் மதியம்

புலவர் ஐயா, நூற்பா அருமை. சொல்தான் இன்றைய மாணவனிடம் போய்ச் சேராது. இன்று பயிலுதல் என்றால் படித்தல். பயிலகம், பயிற்சி எல்லாம் அதில் வந்தவை. ‘பயிலாச்சொல்’ என்று பார்த்ததும் ‘பாடத்தில் இல்லாத சொல்’ என்று விட்டுவிடுவான். இன்னொன்று: நான்கு முறை வருவதும் பயிலாததுதான். இங்கே கேட்பது எண்ணிக்கை. ‘ஒருமுறைச்சொல்’ என்று வெளிப்படையாக வைக்கலாம். இருபது ஆண்டாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். அகராதியைப் புரட்டாமல் விளங்குகிற சொல்தான் நிற்கும் என்பது என் பட்டறிவு.

கொப்பேரைப் பழையவர்கள் பெயர்க்காமல் அப்படியே விட்டது நேர்மை. எபிரேய மறைநூலைப் பண்டைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் ‘சதுரமாக அறுத்த மரம்’ என்றார்கள். வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த எரோனிமுசிடம் ‘இழைத்த மரம்’. இரண்டும் ஊகந்தான்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

‘முறை’ வேண்டாம் என்பேன். 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில், கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்களுக்கு ‘இணைத் திருமுறை’ என்ற பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே ‘ஒருமுறை’ வந்தால் மாணவர் மயங்குவர். எங்கள் பக்கம் ‘ஒருக்கா வந்திட்டுப் போ’ என்போம், அது ‘ஒருக்கால்’தான். ‘ஒருகாற்சொல்’ என்றால் சுருக்கமாகவும் செந்தமிழாகவும் இருக்குமே?

அல்லது மசோரெத்தியரைப் பின்பற்றலாம். எபிரேயப் பாடத்தை எழுத்தெண்ணிக் காத்த அவர்கள், இத்தகைய சொல் வந்தால் ஓரத்தில் ஒற்றை எழுத்தை எழுதி மேலே புள்ளி இடுவார்கள். அரமேயத்தில் ‘லேத்’, அதாவது ‘வேறு இல்லை’ என்பதன் குறுக்கம் அது. அந்த வழியில் ‘இணையிலிச் சொல்’.

சென்னை, புதன் காலை

தம்பி, இங்கே ‘ஒருக்கால்’ என்றால் ‘ஒருவேளை’. ஒருகாற்சொல் என்று எழுதினால் ஐயத்துக்குரிய சொல் என்று படிப்பார்கள். ‘இணையிலி’ புகழ்ச்சியாகிவிடும், மறைநூலில் கடவுளுக்கே அடைமொழி ஆகிற சொல் அது.

நாகர்கோவில், புதன் மாலை

சகோதரர்களே, ஒன்றை மறந்துவிட்டோம். 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்த ‘துக்கியீம்’! நம் வேதாகமத்தில் ‘மயில்கள்’. அது நம் ‘தோகை’ என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்திலேயே எழுதினார். தமிழ்ச்சொல் ஒன்று எபிரேய வேதத்தில் ஏறியிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். இதையும் அம்மாவின் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும்.

மதுரை, புதன் இரவு

போதகர் ஐயா, துக்கியீம் எனக்கும் பிடித்தது. ஆனால் அதை ஒருவகைக் குரங்கு என்று கொள்வோரும் உண்டு. மேலும் 2 நாளாகமம் 9:21இல் அதே செய்தி மீண்டும் வருவதால் கணக்கில் இரண்டு ஆகிறது.

இதில்தான் எனக்குப் புதிய சிக்கல் முளைத்தது. நாம் நாள்தோறும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் ‘வேண்டிய ஆகாரம்’ என்கிறோமே, அங்கே கிரேக்கத்தில் ‘எபியூசியோஸ்’. மத்தேயுவில் ஒன்று, லூக்காவில் ஒன்று, இரண்டும் ஒரே ஜெபம். கிரேக்கர் வழக்கிலேயே இச்சொல் இல்லை என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிகென் என்ற இறையியலார் எழுதினார். எரோனிமுசோ லூக்காவில் ‘அன்றாட’ என்றும் மத்தேயுவில் ‘பொருண்மைக்கு மேற்பட்ட’ என்றும் இரு வேறாகப் பெயர்த்தார். எகிப்தில் கிடைத்த ஒரு செலவுக் கணக்கில் இச்சொல் இருப்பதாக 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. காணாமற்போன அந்தத் தாள் மறுபடி கிடைத்து, 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் படித்துப் பார்த்தால் அங்கே இருந்தது ‘எண்ணெய்’! இப்படி முழுத் தனிமையில் நிற்கும் சொல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதற்காக ‘ஒருமுறைச்சொல்’ பட்டியலிலிருந்து தள்ளவா?

பாளையங்கோட்டை, வியாழன் அதிகாலை

அம்மா, நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். எண்ணிக்கை புறத்தது. சார்த்திப் பார்க்கத் துணை இல்லாமைதான் அகத்தது. அதைப் ‘பயிலா’ சொல்லும்; ‘ஒருமுறை’ சொல்லாது. பேச்சில் பொருள் திரிந்துவிட்டது என்பதற்காகத் தொல்காப்பியச் சொல்லைக் கைவிட்டால் நாளை எதை வைத்துக் கலைச்சொல் ஆக்குவோம்? மாணவனுக்குக் கற்றுக்கொடுங்கள், கற்பான்.

சென்னை, வியாழன் காலை

ஐயா, கற்பான். அதற்குள் எபிரேயமும் கற்க வேண்டுமே அவன்? தமிழுக்குத் தமிழ் உரை எழுதும் சுமையை அவன் தலையில் வைக்க வேண்டாம் என்கிறேன். ‘முறை’ உறுத்தினால் ‘தனிவரவுச்சொல்’ என்று வையுங்கள். தனியாக வந்தது என்பதும் தெரிகிறது, எபியூசியோசும் உள்ளே வரும். ‘தனிச்சொல்’ மட்டும் வேண்டாம், அது யாப்பில் இருக்கிறது.

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

தனிவரவுச்சொல் பரவாயில்லை. வரவு என்றதும் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் எதிர்க்கவில்லை.

நாகர்கோவில், வியாழன் மாலை

நானும் அதற்கே சம்மதம். துக்கியீமுக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டும் கொடுங்கள்.

மதுரை, வியாழன் இரவு

‘தனிவரவுச்சொல்’ என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் ‘ஹபக்ஸ் லெகோமெனோன்’ என்பதையும், உரியியல் நூற்பாவையும், மசோரெத்தியரின் புள்ளியையும் சேர்த்து அரைப் பக்கம் எழுதினேன். துக்கியீம் அடிக்குறிப்பில் ஏறிவிட்டது. வேரும் கிடைக்காத அந்த 400க்குத் தனிப்பெயர் வேண்டும். அதற்கு நேரம் இல்லை. காலையில் கோப்பு போகிறது. எல்லாருக்கும் நன்றி.

பாளையங்கோட்டை, வெள்ளி காலை

அம்மா, அந்த 400க்குப் ‘பயிலாச்சொல்’லை வைத்துக்கொள்ளலாமே? அச்சகத்தில் கோப்பு இன்னும் திறக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.