பிரிட்ஜ் பிளக்கின் ஈக்வலைசிங் துளை அடைத்திருக்கிறது, பிரிக்கலாமா?

லோயாங் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் லோயாங்கில், எண்ணெய், கேஸ் கிணற்றுக் கருவிகளுக்கான ஒரு டூல் ஒர்க்‌ஷாப்பில் ரீடிரஸ் (பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோக்கும்) வேலை பார்க்கிறேன். வந்து பதினாலு மாதம் ஆகிறது. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இதுவரை பேக்கர், ஜார் என்ற கிணற்றுக் கருவிகளெல்லாம் பிரித்துக் கோத்திருக்கிறேன். நேற்றுதான் முதன்முறையாக ஒரு ரீட்ரீவபிள் பிரிட்ஜ் பிளக், அதாவது கிணற்றை நடுவில் அடைத்து வைத்து, வேலை முடிந்ததும் மேலே எடுத்துவிடுகிற அடைப்பு, என் மேசைக்கு வந்தது. ஏழு இஞ்ச் கேசிங்குக்கான (கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) சைஸ். தாய்லாந்து வளைகுடாவில் ஒரு கேஸ் கிணற்றில் நாலு மாதம் உட்கார்ந்திருந்ததாம். மேலே இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

கழுவிவிட்டுப் பார்த்தேன். கேசிங் சுவரைக் கடித்துப் பிடிக்கிற ஸ்லிப் பற்களுக்கு நடுவே கேசிங் இரும்பு மெல்லிய சுருளாகச் சிக்கியிருக்கிறது. இடைவெளியை அடைக்கிற ரப்பர் எலிமென்ட் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. மேல், கீழ் அழுத்தத்தைச் சமமாக்குகிற ஈக்வலைசிங் துளைகள் நாலும் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகி, சிமெண்ட் பூசினதுபோல் அடைத்துக் கிடக்கின்றன.

சூப்பர்வைசர், "செயின் டாங் (சங்கிலிக் குறடு) போடு, பைப் மாட்டி மரையைக் கழற்று, வெள்ளிக்கிழமை அனுப்பணும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. துளை ஏன் அடைத்தது, ரப்பர் ஏன் இப்படி ஆனது, இதை எப்படிப் பிரிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்காற்று எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கையை எடுங்கள். இன்றைக்கு அதைத் தொட வேண்டாம்.

துளை நாலும் அடைத்திருக்கிறது என்றால் கிணற்றுக்குள் இருந்த அழுத்தம் அந்த பிளக்கின் வயிற்றுக்குள் இன்னும் இருக்கலாம். ஒரு பக்கம் ஓ-ரிங், மறுபக்கம் இறுகிய மண். நடுவில் மாட்டிய கேஸ் எங்கே போகும்? மேசையில் சும்மா கிடக்கிற இரும்பு என்று நினைத்துப் பிரித்த ஒருவரின் மணிக்கட்டு உடைந்ததை நான் நேரில் பார்த்தேன். வேறு ஒரு பட்டறை, வருஷம் பல ஆகிவிட்டது. மரை கடைசிச் சுற்றுக்கு வந்ததும் மேல் சப் (மரையில் மாட்டிய மேல்துண்டு) பிய்த்துக்கொண்டு போய்த் தகரச் சுவரில் குழி விழுத்தியது. நேர்கோட்டில் நின்றிருந்தால் ஆளே இல்லை. நல்லவேளையாகப் பக்கவாட்டில் நின்றிருந்தார்.

இனி கிணற்றில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பிளக் போட்டுக் கிணற்றை மாதக்கணக்கில் விட்டால், மேலே நிற்கிற மட்டில் (கிணற்றில் நிரப்பும் சேற்றுக் கரைசலில்) உள்ள பாரைட் என்ற கனமான தாதுப் பொடி மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் படியும். அந்தச் சாம்பல் நிறம் பெரும்பாலும் அதுதான். பிளக் தலைமேல் எதுவும் விழுந்து சேதமாகாமலிருக்க நாமே மணல் கொட்டுவதும் உண்டு. எடுக்கப் போகும்போது முதலில் சர்குலேட் செய்து, அதாவது திரவத்தைச் சுற்றவிட்டு, மணலைக் கழுவ வேண்டும். அப்புறம் ரீட்ரீவிங் டூலை மாட்ட வேண்டும். மாட்டியதும் ஈக்வலைசிங் வால்வு திறந்து மேல், கீழ் அழுத்தம் சமமாகும். ஸ்லிப்பை விடுவிப்பது அதற்குப் பிறகுதான். கழுவுவதில் அவசரப்பட்டால் வால்வு திறந்தும் பயனில்லை, துளை அடைத்துவிடும்.

அப்போது எவ்வளவு பலம் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 இஞ்ச், அடிக்கு 29 பவுண்டு எடையுள்ள கேசிங்கின் உள்விட்டம் 6.184 இஞ்ச். பரப்பு 30 சதுர இஞ்ச். மேலுக்கும் கீழுக்கும் 1,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு 1,000 பவுண்டு) வித்தியாசம் இருந்தாலே 30,000 பவுண்டு, அதாவது பதிமூன்றரை டன். மேலே அழுத்தம் அதிகமென்றால் எத்தனை இழுத்தாலும் பிளக் அசையாது. கீழே அதிகமென்றால் ஸ்லிப் விட்ட நொடியில் பீரங்கிக் குண்டு மாதிரி மேலே கிளம்பும். உங்கள் பிளக் இழுக்க வராமல் படுத்தியது, பற்களில் இரும்புச் சுருள் இருப்பது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஈக்வலைஸ் ஆகாமலே இழுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் ரிக்கில் இருந்தபோது வால்வு திறந்தபின் அரை மணி நேரமாவது காத்திருப்பேன். அழுத்தம் சமமாக மட்டுமில்லை, நசுங்கிய ரப்பர் சுருங்கித் தன் உருவத்துக்கு வரவும் நேரம் வேண்டும். வீங்கிய ரப்பரோடு வேகமாக இழுத்தால் ஊசிக் குழல்போல் கிணற்றையே உறிஞ்சி மேலே கொண்டுவரும். கம்பெனி ஆள் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பட்டறையில் செய்ய வேண்டியது: ஸ்குரூடிரைவர் விட்டுத் துளையைக் குத்தவே கூடாது, பீறிட்டு வருவது நேராகக் கண்ணுக்குத்தான் வரும். இறுகிய மரையைத் தளர்த்துகிற பிரேக்-அவுட் மெஷினில் ஏற்றுங்கள், தடுப்பு போடுங்கள், இரண்டு முனைக்கும் நேரே யாரும் நிற்கக் கூடாது. எந்த ஜாயின்ட் முதலில் என்று தயாரிப்பாளரின் ரீடிரஸ் கையேட்டில் இருக்கும், அதே வரிசையில் போங்கள். முதல் அசைவு கிடைத்ததும் நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜூரோங் வெல்டர் எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணே. இத்தனை தொல்லை எதற்கு? அரைத்துத் தள்ளுகிற பிளக்கையே போட்டுவிடலாமே?

கடல்காற்று எழுதியது:

போடுவார்கள். வார்ப்பிரும்பு, காம்போசிட் இரண்டும் உண்டு. ஆனால் மேல் அடுக்கில் இரண்டு நாள் வேலை, இல்லையென்றால் கிணற்றுத் தலையை மாற்றும்வரை தடுப்பு, இப்படிக் கொஞ்ச நாளுக்குத்தான் தேவை என்றால் அரைப்பதற்கு ரிக் நேரம் வீண். அரைத்த துண்டுகள் உள்ளே கிடப்பதும் தலைவலி.

கியூசி அக்கா எழுதியது:

ரப்பரைப் பற்றி நான் சொல்கிறேன், நான் பார்ப்பதே அதைத்தான். அழுத்தத்தில் இருக்கும்போது கேஸ் ரப்பருக்குள் ஊறிவிடும். பிளக் மேலே வரும்போது அழுத்தம் சட்டென்று இறங்கினால் ஊறிய கேஸ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே விரியும். அந்தக் கொப்புளம் அதுதான். குறுக்காக வெட்டிப் பாருங்கள், உள்ளேயும் பிளவு தெரியும். படம் எடுத்து ஃபைலில் வையுங்கள்.

என்ன ரப்பர் என்று டிராவலரில் (டூலோடு வரும் வேலைச் சீட்டில்) பாருங்கள். அந்த வளைகுடாவில் கிணறுகள் சூடு அதிகம், 150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சாதா நைட்ரைல் 120 வாக்கிலேயே தளர ஆரம்பித்துவிடும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) 11டி1 தரத்தில் எந்த கிரேடு என்றும் கேளுங்கள். வி0 என்றால் கேஸ் வைத்துச் சோதித்து ஒரு குமிழிகூட வராதது. வி6-க்கு அந்தப் பேச்சே கிடையாது.

முக்கியமான இன்னொன்று. அந்தப் பக்கத்துக் கேஸில் பாதரசம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் வெறுங்கையால் தொடாதீர்கள், சூடு காட்டாதீர்கள்.

சூப்பர்வைசர் விஷயம்: ரிஸ்க் அசெஸ்மென்ட் இல்லாமல் இதைச் செய்யச் சொல்லக் கூடாது, இங்கே சட்டமே அப்படித்தான் இருக்கிறது. "அழுத்தம் மாட்டியிருக்கலாம், மெஷினில் வைத்துத்தான் திறப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள். தேதியோடு இருக்கட்டும்.

லோயாங் பட்டறை எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடியே எழுதி அனுப்பினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு நேராக வந்து, ஒன்றும் சொல்லாமல் பிளக்கை மெஷினுக்கு மாற்றச் சொன்னார். பாதரச மீட்டர் பக்கத்துப் பட்டறையில் கடன் வாங்கினோம், ஒன்றும் காட்டவில்லை.

இன்று காலை தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு மேல் சப்பைத் தளர்த்தினோம். கால் சுற்றுகூட ஆகவில்லை, "உஸ்ஸ்" என்று ஆரம்பித்தது. குக்கர் ஆவி போகிற மாதிரி ஒரே சீராக, நான் அறுபதுவரை எண்ணியும் நிற்கவில்லை. நின்ற பிறகும் சாப்பாட்டு நேரம்வரை அப்படியே விட்டுவிட்டோம். பிற்பகலில் கையால் சுற்றியே வந்துவிட்டது.

ரப்பரை வெட்டினேன். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிறது. டிராவலரில் நைட்ரைல் என்றுதான் போட்டிருக்கிறது.